கடைசி நூறு பக்கத்தில் அம்மா இல்லை

சென்னையில், மூன்று படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டில், ஒருத்திக்கு மூச்சு முட்டுகிறது. இந்த வருஷம் நான் படித்த முதல் நாவல் அது. புருஷன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை, பேச்சுதான் குறைவு. பால்கனியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே புத்தகம் முழுக்க அவள் தன்னைச் சிறைப்பட்டவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடிப் போடி! கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கென்றே உனக்கு ஒரு அறை இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்தில் தனியாக அழ வேண்டுமென்றால் கக்கூசுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் வெளியில் யாராவது வாளியோடு நின்றுகொண்டு "இன்னும் முடியலையா?" என்பார்கள்.

அப்படி ஏசிக்கொண்டே கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன். பிடிக்காத நாவலைப் பாதியில் மூடிவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த நாவல் எப்போது கைக்கு வருமென்று தெரியாதவர்களுக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது.

அப்போது நான் பலாங்கொடை டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். புத்தகக் கடை என்று பேர்தான். முக்கால்வாசி கொப்பியும் பேனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களும், அதிலும் பெரும்பகுதி சிங்களத்தில். பின்பக்கச் சுவரோரம் ஒரே ஒரு தட்டில் தமிழ் நாவல்கள். கொழும்புக்குப் போகும்போது முதலாளி எடுத்து வருவார். டவுன் முஸ்லிம், அண்ணன் என்கிற அர்த்தத்தில் நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். "வாசிங்க தங்கச்சி, ஆனா புதுசு மாதிரியே திரும்பி வரணும்" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் எந்த நாவலையும் நான் முழுசாக விரித்துப் படித்ததில்லை. முதுகு மடியாமல் பாதி விரித்து, மடிப்புக்குள் கிடக்கிற எழுத்துகளைத் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்துப் படிப்பேன். காலை பஸ்ஸில் நின்றபடியே படிக்கும்போது கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டே வருவான். ஒருநாள் பக்கத்தில் நின்ற சிங்கள டீச்சரம்மா, புத்தகத்துக்குள்ளே யாரையம்மா இப்படி எட்டி எட்டித் தேடுகிறாய் என்று அவர் பாஷையில் கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

படித்து முடித்ததும் புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு நானாவிடம் என் தீர்ப்பைச் சொல்லுவேன். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. "என்னா தங்கச்சி, இதுக்கும் ஏச்சா?" என்பார். "நீங்க ஏசுற புத்தகம்தான் முதல்ல விக்கிது. இன்னும் நல்லா ஏசுங்க."

நாவல்கள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கெல்லாம் நாவல்கள் மட்டும் காரணமல்ல. அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து வழக்கம் இதுதான்: காம்பரா என்கிற லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், வீட்டில் ஒருத்தராவது பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போனால்தான் அது அந்த வீட்டுக்கு. அப்பா இருந்தவரைக்கும் அப்பா பேரில், பிறகு அம்மா பேரில். அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒடுங்கிக் கிடக்கிறான். மிச்சம் நான். நான் பேர் கொடுத்தால் தினமும் விடியக்காலை ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கடை போய்விடும், கடையோடு நாவல்களும் போய்விடும். கொடுக்காவிட்டால் அம்மாவுக்குக் கூரை இல்லை. டவுனில் என் சம்பளத்துக்குக் கிடைப்பது கடைப் பெண்கள் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிற போர்டிங்தான். அங்கே வேலைக்குப் போகிற பெண்களை மட்டும்தான் சேர்ப்பார்கள்.

கங்காணி ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லு பாப்பா. ஆபீஸ்ல கேக்குறாங்க. எம்மேல கோவிச்சுக்காத." நாவல்களில் வருகிற கங்காணிக்குப் பெரிய மீசை இருக்கும், கையில் பிரம்பு இருக்கும், கண் சிவந்திருக்கும். எங்கள் கங்காணிக்கு முதுகுவலி. தன் மகளுக்குக் கொப்பி வாங்கிவரச் சொல்லி என்னிடம்தான் சொல்லி அனுப்புவார். அவர் வில்லனாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாய் வலிக்க ஏசியாவது தீர்த்திருக்கலாம்.

சாயந்திரம் சாப்பிட்டு முடிந்ததும் நான் அம்மாவுக்கு நாவல் வாசித்துக் காட்டுவேன். அம்மாவுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே திறந்து கிடக்கும். பக்கத்துக் காம்பராச் சித்தி அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சொந்தச் சித்தி இல்லை, பழக்கத்தில் சித்தி. அவள் காம்பராவில் புருஷன், இரண்டு மகள்கள், மூத்த மகன், மகனுக்கு வந்த மருமகள் என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கிடந்தார்கள். மருமகளுக்கு வயிற்றில் பிள்ளை. அவள் பேர் பதிந்த வேலைக்காரி, காம்பரா கேட்டு ஆபீஸில் சொல்லிவைத்திருந்தாள். அம்மா ஓய்வோடு எங்கள் காம்பரா காலியானால் அடுத்தது அவளுக்குத்தான். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு சரித்திர நாவல் எடுத்துவந்தேன். எதிரி ராஜா ஒரு ராணியைப் பிடித்து மலைக்கோட்டைக்குள் அடைத்துவைத்திருக்கிறான். நான் குரலை ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே கேள்வி வந்தது.

"அந்தம்மாவுக்குச் சோறு யாரு குடுக்குறா?"

"வேலைக்காரப் பொண்ணுங்க குடுக்குறாங்க சித்தி."

"துணிமணி?"

"அதையும் அவங்கதான் தொவைக்கிறாங்க."

"அப்பறம் என்னாதான் கொறைச்சலாம்?"

அம்மா ராணிக்காக வாதாடினாள். "வெளிய போக முடியலயாம் தங்கச்சி."

"வெளிய போயி? கொழுந்தா எடுக்கப் போறா?"

சுவருக்கு இரண்டு பக்கமும் சிரித்தோம். ஆனால் அந்த ராணியை எனக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் வழியே கீழே போகிற வண்டிகளைப் பார்த்து, இது எந்த ஊருக்கு, அது எந்த ஊருக்கு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஒரு பக்கம் இருந்தது. எங்கள் மலையிலிருந்து பார்த்தாலும் கீழே ரோடு தெரியும். பெல்மதுளைப் பக்கமிருந்து ஓப்பநாயக்க வழியாக வருகிற பஸ், பலாங்கொடையிலிருந்து ஏறிப்போகிற பஸ், எல்லாம் தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். அதை எழுதியவருக்கு எங்கோ ஒரு ஜன்னல் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் ராணி தப்பித்துவிட்டாள். பூஜையறைச் சிலைக்குப் பின்னால் ஒரு சுரங்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு அவசரத்துக்கு எங்கிருந்தாவது ஒரு சுரங்கம் கிடைத்துவிடுகிறது! ராணி போனது தெரியாமலிருக்க அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு வேலைக்காரப் பெண் கட்டிலில் படுத்துக்கொள்கிறாள். விடிந்ததும் அவளை வெட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு வரி. அந்தப் பெண்ணுக்குப் பேர்கூடக் கிடையாது. அடுத்த வரியில் ராணி குதிரை ஏறிவிட்டாள். மறுநாள் நானாவிடம் அரை மணி நேரம் ஏசினேன். அவர் தேத்தண்ணியை ஆற விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு சரித்திர நாவலும் படித்தேன். இது ராஜா ராணி இல்லை, எங்கள் ஆட்களைப் பற்றியது. கடல் கடந்து வந்து காட்டுப் பாதையில் நடந்தே மலைக்கு வந்தவர்களின் கதை. காய்ச்சல் வந்த ஒரு பிள்ளையை மரத்தடியில் படுக்கவைத்துவிட்டு நடக்கிறார்கள். அந்த இடத்தில் எழுத்தாளர் சூரியன் மறைகிற அழகை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். பாவி மனுஷா, பிள்ளை அங்கே கிடக்கிறது, நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று சொல்லத் தோன்றியது. அந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. வேறொரு இடத்தை வாசித்தேன். நடந்து நடந்து கால் வெடித்தவர்கள் மலைக்கு வந்து சேருகிறார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா காட்டுகிறார்கள். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடைத்ததே என்று அந்தப் பெண்கள் சந்தோஷத்தில் அழுகிறார்கள்.

"அழுவாங்கதான்" என்றாள் அம்மா. "எனக்குக் கல்யாணமாகி வந்தப்ப இந்தக் காம்பராவுல ஒரு பக்கம் ஒழுகுச்சு. அப்படியும் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

எனக்கு அந்த இடத்துக்கு மேலே வாசிக்க முடியவில்லை. கூரையைக் காட்டித்தானே அன்றைக்கும் பிடித்திருக்கிறார்கள், இன்றைக்கும் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடிவிட்டு, தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மாசக் கடைசி நெருங்கியபோதுதான் அந்த நான்காவது நாவல் வந்தது. புதுசு. லயத்தில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றி, மலையை விட்டுப் போய் எங்கோ வெளிநாட்டில் இருக்கிற யாரோ எழுதியது. நானா அதைத் தட்டில்கூட வைக்காமல் நேரே என் கையில் கொடுத்தார். "இதுக்கு எப்படி ஏசப் போறீங்கன்டு பாப்பம்."

ஏசுவதற்கு ஆரம்பத்தில் நிறையவே இருந்தது. அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்கள் பாடிக்கொண்டே எடுக்கிறார்கள். "எந்தத் தோட்டத்துல?" என்று அம்மா கேட்டாள். மழையில் மலை ஏறுகிறார்கள், ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை. "அந்தத் தோட்டத்துக்கு மாத்திக் கேக்கலாம்" என்றாள் சித்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து. ஆனால் எழுதியவருக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்திருந்தது. நல்ல சட்டையைப் பாய்க்கு அடியில் வைத்து மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொள்வதும், டவுனில் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் தோட்டத்துப் பேரைச் சொல்லாமல் பக்கத்து ஜங்ஷன் பேரைச் சொல்வதும் அப்படியே நான்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவும் ஓய்வு பெறப் போகிறாள். நான் எதைச் சொல்லிக் குமைந்துகொண்டிருந்தேனோ அதே கதை. கடைசியில் அந்த அம்மா, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். பெண் பஸ் ஏறிவிடுகிறாள். அதற்குப் பிறகு நூறு பக்கம் இருந்தது. நகரம், ஹாஸ்டல், வேலை, ஒரு காதல், அது முறிந்து கண்ணீர், அப்புறம் தன்னந்தனியாகக் கடற்கரையில் நின்று தான் சுதந்திரமானவள் என்று உணர்வது. அந்த நூறு பக்கத்திலும் நான் அம்மாவைத் தேடினேன். பாதி விரித்த புத்தகத்தின் மடிப்புக்குள்ளெல்லாம் தேடினேன். அவள் இல்லை. ஒரு போன் இல்லை, ஒரு கனவில்கூட வரவில்லை. காம்பராவைத் திருப்பிக் கொடுத்தார்களா, கொடுத்தால் அவள் எங்கே படுத்தாள், யார் சோறு போட்டார்கள், ஒரு வார்த்தை கிடையாது.

கடைசி அத்தியாயத்தை நான் வாசித்து முடித்தபோது அம்மா முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல கதை" என்றாள். "பொண்ணு போய்ச் சேந்துருச்சில்ல. அது போதும்."

"அந்தம்மா என்னம்மா ஆனா? அதக் கேக்க மாட்டியா?"

"எங்கயாச்சும் இருக்கும். யார் கூடயாச்சும் இருக்கும்."

"எங்கயாச்சும்னா? அதச் சொல்ல வேணாமா எழுதுனவங்க?"

"கதை அந்தப் பொண்ணோடதுதானே. அம்மாவப் பத்தி என்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறிப் போட்டாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. சித்தி தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விஷயத்தை உடைத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "டவுன்ல அந்த போர்டிங்குல எடம் இருக்கான்னு கேளு. சித்திகிட்ட பேசிட்டேன். நான் ஓய்வு வாங்குறப்பவே காம்பராவ மருமக பேருக்கு மாத்திக் குடுத்துருவோம்னு கங்காணி சொல்லிருக்காரு. நான் இங்கயே முன்னால இஸ்தோப்புல படுத்துக்குறேன். புள்ள பொறந்தா பாத்துக்க ஆள் வேணுமில்ல? அவளுக்கும் சந்தோஷம்."

இஸ்தோப்பு என்பது காம்பராவுக்கு முன்னால் உள்ள திறந்த ஒடுக்குத் தாழ்வாரம். செருப்பும் விறகும் நனைந்த சாக்கும் கிடக்கிற இடம்.

"மழை அடிச்சா?" என்றேன்.

"சாக்கு கட்டிக்கலாம்."

"ஒன் வீட்டு வாசல்ல நீ ஒண்டிக் கெடக்கப் போறியா? அதப் பாத்துக்கிட்டு நான் டவுன்ல போயி நாவல் படிக்கவா?"

"ஆமா. படி" என்றாள் அம்மா. "என்னா இப்ப?"

கடைசி நூறு பக்கத்தில் அந்த அம்மா எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இஸ்தோப்பில் இருந்தாள். வேறொருத்தியின் பிள்ளைக்குத் தாலாட்டிக்கொண்டு, மழைக்குச் சாக்குக் கட்டிக்கொண்டு இருந்தாள். அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து, அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போதே பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டேன். கங்காணியிடம் என் பேரை எழுதச் சொன்னேன். "நல்லா யோசிச்சியா பாப்பா? அம்மா வேற மாதிரில்ல சொன்னிச்சு?" என்றார். "எழுதுங்க" என்றேன். பெண்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். மழைத் தூறல். பொய் சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் ஏறிப்போய்க் கடற்கரையில் நின்றவளைவிட நான் ஒரு படி மேல் என்று நினைத்தேன். நானாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். "யா அல்லாஹ்" என்றார். பிறகு, "கடைசியா தந்த அந்தப் புத்தகத்த நீங்களே வச்சிக்கோங்க தங்கச்சி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது எங்கள் இஸ்தோப்பில் ஒரு தகரப் பெட்டியும் புதுப் பாயும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. சித்தியின் மருமகள் ஆசை தாங்காமல் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தது. செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. சித்தி வந்து வாளியைப் பெட்டிமேல் வைத்து இரண்டையும் தூக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகள் பாயை எடுத்தாள். அந்தப் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் வேணும்னா பேர எடுத்துர்றேன் சித்தி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இனிமே எடுத்தாலும் எங்களுக்கு வராது பாப்பா" என்றாள் சித்தி. குரலில் கோபமே இல்லை. "ஓய்வோட சேத்து மாத்துனாத்தான் உண்டுன்னு கங்காணி சொன்னாரு. இப்ப ஒம் பேருக்கு மாறிருச்சு, நீ விட்டா வெளித் தோட்டத்து ஆளுக்குக் குடுத்துருவாங்க."

உள்ளே அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"யாரக் கேட்டுடி போன?" என்றாள்.

"ஒனக்காகத்தாம்மா."

"எனக்காகவா? நான் கேட்டனா ஒன்ன? ஒத்தைப் பொம்பள நான், எனக்குப் படுக்க எம்புட்டு எடம் வேணும்?" அம்மா கத்தவில்லை. இழுத்து மூச்சு விட்டாள், கண் தண்ணி கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. "ஒன்ன டவுனுக்கு அனுப்பிருவேன், அந்தப் புள்ளத்தாச்சிக்கும் காலு நீட்ட ஒரு எடம் கெடச்சிரும்னு நெனச்சேன். எல்லாம் சரியா அமைஞ்சிருந்துச்சு."

நான் பேச வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப யாருமே வெளிய போகலயேடி" என்றாள்.